மணியாசுக் கட்டையும் பேர்லகரும்

ஏல பேராண்டி, நேத்து ராத்திரி உனக்குப் போன் போட்டேன். "தாத்தா, இப்ப எனக்கு பேண்ட்வித் இல்ல, அப்புறமா சர்க்கிள் பேக் பண்ணுதேன்"னு சொல்லி வச்சிட்ட. ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டிருந்த உங்க ஆச்சி நெஞ்சுல கைய வச்சிட்டா. "அய்யோ, புள்ள பேண்ட்ட வித்துட்டானாமே, அந்தக் குளிர்ல என்னத்தப் போட்டுக்கிட்டு ஆபீசுக்குப் போறான்?"னு ஒரே பொலம்பல். கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடுத்து அவளச் சமாதானம் பண்ணுததுக்குள்ள மணி பத்தாயிட்டு.

எனக்கு அந்த அளவுக்குப் பயம் இல்ல. போன வருசம் அயர்லாந்துல, கார்க் பட்டணத்துல உன் வீட்டுல மூணு மாசம் இருந்தவன்லா நானு. நீ கதவச் சாத்திக்கிட்டு கம்ப்யூட்டர்கிட்டப் பேசுததை வெளிய உக்காந்து கேட்டிருக்கேன். டச் பேஸுங்க, டீப் டைவுங்க, லோ ஹேங்கிங் ஃப்ரூட்டுங்க. டீப் டைவுன்னதும் கொல்லையில கெணறு கிடக்கும்போலன்னு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். லோ ஹேங்கிங் ஃப்ரூட்டுன்னா தாழத் தொங்குத பழம்னு உம் மவ அர்த்தம் சொன்னா. நம்ம வம்சம் தேரிக்காட்டு வம்சம். பனையில தாழத் தொங்குத நுங்க நான் எண்பது வருசத்துல ஒருநாளும் பாத்ததில்ல. உன் ஆபீசுக்குப் பின்னால அப்படி ஒரு மரம் நின்னா ஒரு கன்னு அனுப்பி வையி.

"உங்கப்பன் பேசுத பேச்சுக்கு இந்த நாட்டு மொழியில ஒரு பேரு இருக்கணுமே தாயி"ன்னு உம் மவகிட்டக் கேட்டேன். ஒம்பது வயசுச் சிட்டு. அங்க பள்ளிக்கூடத்துல ஐரிஷ் கட்டாயப் பாடம்லா, புஸ்தகமும் கையுமாத்தான் இருந்தா. அகராதியப் புரட்டிட்டுச் சொன்னா: "பேர்லகர், கொள்ளுத்தாத்தா."

தொழில்காரன் தனக்குள்ள பேசிக்கிடுத பேச்சு, தெருப்பேச்சு, அடுத்தவனுக்கு வெளங்காத பேச்சு, எல்லாத்துக்கும் அந்த ஒரே பேருதானாம். நம்ம நன்னூலு இதத்தான் குழூஉக்குறிங்குது. தட்டான் பொன்னைப் 'பறி'ம்பான், வேடன் கள்ளைச் 'சொல்விளம்பி'ம்பான்னு எங்க வாத்தியார் உதாரணம் சொல்லுவாரு. கள்ளு உள்ள போனா உள்ள கிடக்க சொல்லு வெளிய வந்திரும், அதனால சொல்விளம்பி. அத மட்டும் நான் மறக்கல. மத்த இலக்கணமெல்லாம் காத்தோட போச்சு.

அந்தப் பேர்லகருக்குள்ள 'பேர்லா'ன்னு ஒரு சொல்லு உக்காந்திருக்கு பாரு, அதோட கதை பெரிய கதை. இன்னைக்கு அங்க பேர்லான்னா இங்கிலீஷு. ஆதியில அப்படி இல்ல. பேர்லான்னா சும்மா பேச்சு, மொழி, அவ்வளவுதான். புலவன் பேசினா புலவன் பேர்லா, சட்டம் படிச்சவன் பேசினா சட்டத்துப் பேர்லா. இங்கிலீஷ்காரன் வந்தப்ப அவன் பேசினது சாக்ஸ்-பேர்லா, சாக்சன் பேச்சு. நாளாவட்டத்துல முன்னால இருந்த சாக்ஸ் உதிர்ந்துட்டு. வெறும் பேர்லான்னாலே இங்கிலீஷுன்னு ஆயிப்போச்சு. திண்ணையில படுக்க எடம் கேட்டு வந்தவன் பேருல பட்டா மாறின கதைதான்.

இந்தப் பேர்லாவுக்கும் மூலம் 'வாய்'ங்கிற சொல்லுதான். வாய்க்கு அங்க என்ன சொல்லுதாவன்னு கேக்காத. வடக்கத்தி ஐரிஷ்காரன் உச்சரிப்புல அத நம்ம ஊருச் சபையில சொன்னா பொம்பளையாளுக எந்திரிச்சுப் போயிருவாளுக. காலையில சொம்பத் தூக்கிக்கிட்டு உடங்காட்டுக்குப் போவமே, அந்தச் சோலி ஞாபகம் வரும். இடக்கரடக்கலும் நன்னூல்ல இருக்கு, நான் மரியாதையா நிறுத்திக்கிடுதேன். பெல்ஃபாஸ்ட் ஊரு பேருக்கே ஐரிஷ்ல அந்த வாய்தான் முன்னால நிக்கி: மணல்திட்டு வாய்னு அர்த்தம்.

பெல்ஃபாஸ்ட்டுன்னதும் நம்ம இடையன்குடிக்காரன் காது விடைச்சிரும். அந்தப் பக்கம், ஆன்ட்ரிம் சீமையில கிளாடிங்கிற ஊர்லதான் 1814-ல நம்ம கால்டுவெல் பொறந்தாரு. தாய் தகப்பன் ஸ்காட்லாந்துக்காரங்க. சின்னப் பையனா இருக்கப்பவே கிளாஸ்கோவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. 1841-ல இடையன்குடிக்கு வந்தவரு 1856-ல திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணத்த எழுதினாரு. கோயிலு கட்ட 1847-ல ஆரம்பிச்சு 1880-லதான் முடிச்சாரு. முப்பத்தி மூணு வருசம். உன் ஆபீசுல டெட்லைன் டெட்லைன்னு அடிச்சுக்கிடுதியே, அந்தச் சொவத்துல ஒருநாள் கைய வச்சுப் பாரு. ஐம்பது வருசம் கரண்டி பிடிச்ச கை சொல்லுதேன், அவசரத்துல வச்ச கல்லு ஒண்ணுகூட அதுல இல்ல.

கல்லுன்னு வந்துட்டம், இனிதான் விசயம். உன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவரு கல்கொத்தனார்லா. நீ அங்க நாலு வருசமா இருக்க, அது உனக்குத் தெரியாது. நான் போன நாலாம் நாள் தெரிஞ்சுக்கிட்டேன். தோட்டத்துச் சொவரு ஒண்ணு, சாந்து இல்லாம கல்ல மட்டும் அடுக்கினது. நான் போய்த் தடவிப் பாத்தேன். அவரு சன்னல் வழியாப் பாத்தாரு. ஒருத்தன் சொவத்த எங்க தடவுதாங்கிறத வச்சே அவன் கொத்தனாரா திருடனான்னு சொல்லிரலாம். நான் மூலையத் தடவினேன். அவரு டீ போட்டுக்கிட்டு வெளிய வந்துட்டாரு. என் பையில கிடந்த தூக்குக்குண்ட எடுத்துக் காட்டினேன். "ஏன் தாத்தா பிளேன்ல இதத் தூக்கிட்டு வாரீய"ன்னு நீ கேட்டியே, அதே குண்டுதான். அவரு நூலப் பிடிச்சுத் தொங்கவிட்டு, ஆடி நிக்கது வரைக்கும் மூச்சு விடாமப் பாத்தாரு. அதுக்கப்புறம் எங்களுக்குள்ள பேச்சுக்குக் கொறவில்ல. எடையில உம் மவ நின்னு மொழிபெயர்த்தா. பாதி நேரம் அவளும் தேவப்படல.

கொத்தனாருக்கு ஐரிஷ்ல 'ஸேர்'னு பேரு. அதே எழுத்து, அதே சொல்லு, சுதந்திரமானவன்னும் அர்த்தம். மலிவுன்னும் அர்த்தம். நான் சிரிச்ச சிரிப்புல பெரியவரு டீயச் சிந்திட்டாரு. கொத்தனாரு சுதந்திரமானவன், அதனால கூலி மலிவு. எந்த முதலாளி சேத்துவச்ச அகராதியோ.

அந்த ஸேர்களுக்கு ஒரு தனிப்பேச்சே இருந்திருக்கு. 'பேர்லகர் நா ஸேர்', கொத்தனார் பேர்லகர். கட்டடத்துக்குக் கட்டடம் அலையுதவன், புதுசா வந்தவன் நெசமாவே தொழில் கத்தவனா, இல்ல ரெண்டு நாள் கரண்டி பிடிச்சுட்டு வந்த கள்ளனான்னு கண்டுக்கிட அந்தப் பேச்ச வச்சிருந்தான். வீட்டுக்காரன் பக்கத்துல நிக்கையில கூலி விசயம் பேசிக்கிடவும் அதுதான் தோது. தகப்பன் மவனுக்குச் சொல்லிக் குடுப்பான், வேத்தாளுக்குச் சொல்லமாட்டான். மக்காலிஸ்டர்னு ஒரு தொல்லியல் பேராசிரியர் 1937-ல அயர்லாந்தோட ரகசிய மொழிகளப் பத்தி ஒரு புஸ்தகம் போட்டப்ப இதையும் பிடிச்சு உள்ள வச்சிருக்காரு. பெரியவருக்கு அந்தப் பேச்சு வராது. அவரு தாத்தாவோட போச்சாம். ஆனா கதை ஒண்ணு சொன்னாரு.

கோபான் ஸேர்னு ஒரு பெருங்கொத்தன். நம்ம ஊருல எந்தப் பழைய கோயிலக் கேட்டாலும் மயன் கட்டினதும்பமே, அங்க எல்லாத்தையும் கோபான் கட்டினதும்பாங்க. இங்கிலாந்து ராசா கூப்பிட்டு விட்டான்னு தகப்பனும் மவனுமா அரமனை கட்டப் போனாங்க. கட்டி முடியப்போற சமயம். இவன விட்டா இதவிட அழகா இன்னொருத்தனுக்குக் கட்டிருவான், வேல முடிஞ்சதும் ஆள முடிச்சிருவோம்னு ராசாவுக்கு ஒரு நெனப்பு. கோபானுக்கு வாட அடிச்சிட்டு. "ராசா, கடைசி வேல ஒண்ணு பாக்கி. அதுக்கு ஒரு ஆயுதம் வேணும், வீட்டுல மறந்து வச்சிட்டு வந்துட்டேன். போய் எடுத்துட்டு வந்திருதேன்." ராசா விடுவானா? "ஆயுதத்துக்குப் பேரச் சொல்லு, என் மவனே போய் வாங்கிட்டு வருவான்." கோபான் ஒரு பேரச் சொன்னான். கோணலுக்கு எதிர் கோணல், திருகலுக்கு எதிர் திருகல்ங்கிற மாதிரி, சொல்லுதவன் வாய்க்கு வாய் மாறுத ஒரு பேரு. எளவரசன் கப்பலேறி வந்து வீட்டுல இருந்த பொம்பளைகிட்டக் கேட்டான். சிலபேரு பொண்டாட்டிம்பாங்க, சிலபேரு மருமவம்பாங்க. அப்படி ஒரு ஆயுதம் கொத்தன் பையில கெடையவே கெடையாதுன்னு அவளுக்குத் தெரியும். "அந்தா அந்தப் பெரிய பெட்டிக்கு அடியில கெடக்கு, என் கைக்கு எட்டாது, நீங்க குனிஞ்சு எடுங்க ராசா"ன்னா. குனிஞ்சான். ஒரே தள்ளு. மூடியச் சாத்திப் பூட்டிட்டா. என் ஆளுங்க முழுசா வீடு வந்தாத்தான் உன் ஆளு பெட்டிய விட்டு வெளிய வருவான்னு ராசாவுக்குச் சேதி போச்சு. ரெண்டு பேரும் கூலியோட வீடு வந்து சேந்தாங்க.

பேராண்டி, அதுல்லா பேர்லகர்! கையில இல்லாத ஒரு ஆயுதத்தோட பேரச் சொல்லி ரெண்டு தலையக் காப்பாத்தியிருக்கான். நீ நாள் பூரா அந்த மாதிரி இல்லாத ஆயுதம் அம்பது பேரு சொல்லுத. அதுல எந்த ராசா மவன் பெட்டியில விழுந்தான்?

எங்க தொழில்லயும் பேர்லகர் உண்டு, இல்லன்னு சொல்லல. பதிமூணு வயசுல நான் வேலைக்குப் போன மொத நாளு. மேஸ்திரி சாரத்து மேல நின்னு "ஏல, மணியாசக் கொண்டால"ன்னாரு. நான் மணின்னதும் கோயிலப் பாத்து ஓடி, மணி அடிக்கிறவருகிட்டப் போய் "மேஸ்திரி கேக்காரு"ன்னு நின்னேன். அவரு சிரிச்ச சிரிப்பு இன்னைக்கும் காதுல கேக்கு. மணியாசுக் கட்டைங்கிறது ஒரு சாண் பலக, மேல ஒரு கைப்பிடி. பூசின சொவத்துல மட்டப்பலகையால இழுத்தப்புறம், தண்ணியத் தெளிச்சு இத வட்டமாத் தேச்சா மேடு பள்ளம் அடங்கும். என்னோட கட்டையில பெருவெரலு படுத எடம் பள்ளம் விழுந்து கிடக்கு. ரசமட்டம், மூலைமட்டம், தூக்குக்குண்டு, எல்லாம் வெளியாளுக்கு வெளங்காத சொல்லுதான். ஆனா ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சாமான் உண்டு. பேரச் சொன்னா கையில வந்து ஏறும், காலுல போட்டா வலிக்கும். சினர்ஜிய எடுத்து எவன் காலுலயாவது போட்டுப் பாரு, ஐயோன்னு சொல்லுதானான்னு.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லணும். ரோட்டோரமா வண்டியும் குதிரையுமா ஊரூராப் போன ஜனம், டிராவலர்ஸ். அவுக பேச்சுக்கு அவுகளே வச்ச பேரு காமன், இல்லாட்டி கேன்ட். படிச்சவுக ஷெல்டாங்காங்க. இதுல ஒரு தந்திரம் உண்டு. ஐரிஷ் சொல்லப் பிடிச்சுத் தலைகீழாத் திருப்பிருவாங்க. கதவு டோரஸ், இவுகளுக்கு ரோடஸ். பொண்ணு கலீன், இவுகளுக்கு லகீன். மவன் 'மக்', இவுகளுக்கு 'கம்'. குனோ மேயர்ங்கிற ஜெர்மன் பண்டிதர் 1891-ல இந்த முடிச்ச அவுத்துக் காட்டினாரு. (மக்கும் மகனும் ஒண்ணுதான், ஐரிஷ்காரன் ஆதித் தமிழன்னு நீ வாட்சப்புல கிளம்பிராத. அமெரிக்காவுல டேனியல் கேசிடின்னு ஒருத்தர் 2007-ல அந்த நாட்டுத் தெருப்பேச்செல்லாம் ஐரிஷ்ல இருந்து வந்ததுன்னு புஸ்தகம் போட்டாரு. விருது கெடச்சுது. மொழி தெரிஞ்சவன் எவனும் ஒத்துக்கிடல. காதுக்கு ஒத்து வாரதெல்லாம் கணக்குக்கு ஒத்து வராது.)

எல்லாத்தையும்விட எனக்குப் பிடிச்சது ரோடு. ஐரிஷ்ல ரோட்டுக்கு 'போஹர்'. அதுல முன்னால நிக்கது 'போ', மாடு. மாடு போன தடம்தான் ரோடு. ஆயிரம் வருசத்துக்கு முந்தின ஒரு சொற்கோவையில அதோட அகலங்கூடக் குறிச்சிருக்கு: ஒரு மாடு நீட்டுவாக்குல, ஒரு மாடு குறுக்குவாக்குல நிக்கணும். நெடுஞ்சாலைத்துறை இஞ்சினியரக் கேட்டா அர நாள் சொல்லுவான், இவன் ரெண்டு மாட்டுல முடிச்சிட்டான். அந்தப் போஹரத் திருப்பித்தான் டிராவலர் 'டோபர்'ங்கான். ஊருக்குள்ள விடாம எவன ரோட்டுலயே நிறுத்தி வச்சாங்களோ, அவன் அந்த ரோட்டையே தலைகீழாத் திருப்பித் தனக்குன்னு வச்சுக்கிட்டான்.

போலீசு வந்தா, குதிர வாங்க வந்தவன் ஏமாத்தப் பாத்தா, பிள்ளையள எச்சரிக்க அந்தப் பேச்சு வேணும். மாட்டுச் சந்தையில தரகன் துண்டப் போட்டு மூடி வெரலப் பிடிச்சு வெல பேசுவாம்லா, அந்த மாதிரி வாயால போட்ட துண்டு. அவுகளத் தனி இனம்னு அயர்லாந்து அரசாங்கம் ஒத்துக்கிட்டது 2017 மார்ச் 1-ந் தேதிதான். 2022 கணக்கெடுப்புல 32,949 பேரு. ஆனா கார்க்ல தெருவுல நிக்க எளவட்டப் பயலக் கேளு, ஆம்பளைய 'ஃபீன்'ங்கான். அது டிராவலர் சொல்லு. ஆளப் பக்கத்துல சேக்கமாட்டான், அவன் சொல்ல மட்டும் பையில போட்டுக்கிட்டுப் போவான். இது எந்த ஊருலயும் நடக்கதுதான்.

சொல்லு களவு போறதுல ஒரு வேடிக்கையும் உண்டு. சாராயக்கட வாசல்ல எல்லாம் 'கிராக்'னு ஐரிஷ் எழுத்துக்கூட்டி எழுதிப் போட்டிருக்கே, கூத்துகும்மாளம், நல்ல பேச்சுங்கிற அர்த்தத்துல. அது ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்துப் பேச்சுல இருந்து போன சொல்லு. ஐரிஷுக்குள்ள போயி, புது எழுத்த உடுத்திக்கிட்டு, அக்மார்க் ஐரிஷ் சரக்குன்னு திரும்பி இங்கிலீஷுக்கே வந்திருக்கு. காணாமப்போன மாடு கழுத்துல புது மணியோட வந்து நம்ம தொழுவத்துலயே வெலைக்கு நிக்கு.

நீ ஒரு ஆளப் படிக்கணும். பிரையன் ஓநோலன். பகல்ல டப்ளின்ல சர்க்கார் உத்தியோகம், உள்ளாட்சித்துறை ஃபைலு. 1940-ல இருந்து ஐரிஷ் டைம்ஸ்ல வேற பேருல ஒரு பத்தி எழுதினாரு. தேஞ்சுபோன சொல்லாட்சிகளப் பிடிச்சு, ஞாயித்துக்கிழம வேதபாடம் மாதிரி கேள்வியும் பதிலுமாக் குடைஞ்சிருக்காரு. இந்தச் சொல்லு எதோட மட்டும் வரும், அது எங்க தங்கும்னு. அந்த ஆளு உன் மீட்டிங்குல அரைமணி நேரம் உக்காந்திருந்தா உன் கம்பெனிய இழுத்து மூடியிருப்பாங்க.

உம் மவ ஐரிஷ் படிக்கப்ப இன்னொண்ணு கண்டுபிடிச்சேன். அந்த மொழியில ஆமாவுக்கும் இல்லைக்கும் தனிச் சொல்லே கெடையாது. "வந்தியா?"ன்னு கேட்டா "வந்தேன்", "வரல". கேட்ட வினையவே திருப்பிச் சொல்லணும். நம்மளும் அப்படித்தான பேசுதோம்? பிள்ளைக்கு அந்தப் பாடம் தண்ணிபட்ட பாடு. வகுப்புல மத்தவன் எல்லாம் முழிக்க இவ டக்குடக்குன்னு சொல்லுதாளாம். உன்கிட்ட "பொங்கலுக்கு வருவியால?"ன்னு கேட்டேன். வருவேன் வரமாட்டேன் ரெண்டுல ஒண்ணச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான. "டெண்டேட்டிவ்வா பிளாக் பண்ணியிருக்கேன் தாத்தா"ங்க. ஆச்சி அத கக்கூசு அடைச்ச விசயம்னு நெனச்சிக்கிட்டா.

உனக்கு ஒண்ணு தெரியுமா, அந்தப் பிள்ளை படிக்க பாஷையப் பேசினதுக்காக அதே நாட்டுப் பிள்ளைகள அடிச்சிருக்காங்க. 'பாட்டா ஸ்கோர்'னு ஒரு குச்சி. பிள்ளை கழுத்துல கயித்துல கட்டித் தொங்கவிடுவாங்க. ஐரிஷ்ல ஒரு வார்த்த பேசினா குச்சியில ஒரு வெட்டு. சாயங்காலம் வாத்தியார் வெட்ட எண்ணி, எண்ணிக்கைக்கு அடி. வெட்டினது பல வீட்டுல தாய் தகப்பனே. பஞ்சம் வந்து, 1845-க்கு அப்புறம் பத்து லட்சம் பேரு செத்து, அதே அளவு சனம் கப்பலேறிப் போனாங்க. இங்கிலீஷ் தெரிஞ்சாத்தான் பிள்ளைக்கு அமெரிக்காவுல கஞ்சின்னு நெனச்சவன் கையில கத்தி இருந்திருக்கு. அவனக் கொற சொல்ல எனக்கு வாய் வரல. பெரியவரு இதச் சொல்லுதப்ப தூக்குக்குண்டு நூல வெரல்ல சுத்திக்கிட்டே இருந்தாரு. உம் மவ மொழிபெயர்க்கத நிறுத்திட்டு என் மடியில வந்து உக்காந்துட்டா.

கோபானப் பத்தி இன்னொரு துண்டு பாக்கி. தகப்பனும் மவனும் தூர வேலைக்கு நடந்து போறாங்க. "ஏல, வழியக் கொஞ்சம் சுருக்கு"ங்கான் தகப்பன். வழிய எப்படிய்யா சுருக்கன்னு மவன் முழிக்கான். தகப்பன் வீட்டுக்கே திரும்பிட்டான். மறுநாளும் அதே கத. மூணாம் நாள் மருமவ சொன்னா: "ஒரு கதையச் சொல்லுங்களேன்." கதையச் சொல்லிக்கிட்டே நடந்தாங்க, ஊரு வந்ததே தெரியல.

என்ன நீ கடற்கரைக்குக் கார்ல கூட்டிட்டுப் போன ஞாயித்துக்கிழம ஞாபகம் இருக்கா? ஒண்ணே முக்கா மணி நேரம். காதுல அந்த வெள்ளக் குச்சிய மாட்டிக்கிட்டு "லெட்ஸ் டேக் திஸ் ஆஃப்லைன்"னு எவன்கிட்டயோ பேசிக்கிட்டே வந்த. பின்சீட்டுல நானும் உம் மவளுமா கடல்சொறிக்கு ஐரிஷ்ல 'கடல்நாய்ச் சளி'ன்னு பேருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சது உனக்குக் கேக்கல. எங்களுக்கு வழி சட்டுன்னு முடிஞ்சிட்டு. உனக்குத்தான் நீளம்.

சரி, போன வைக்கணும், ஆச்சி பக்கத்துல வந்து நிக்கா. பேண்ட்ட விக்கல, அது வேற சமாச்சாரம்னு எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன், நம்பமாட்டேங்கா. திசையன்வெளையில ரெண்டு பேண்ட்டு எடுத்து, கருப்பட்டியோட பார்சல் கட்டி வச்சிருக்கா. இடுப்பு அளவுதான் தெரியல. முப்பத்தி நாலா, முப்பத்தி ஆறா? டெண்டேட்டிவ்னு சொல்லிராத.